ஜனவரிப் பனியில் எலுமிச்சை காய்க்குமா? குளிர்நாட்டுப் பசுமைக்குடிலின் கணக்கு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அலையன்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரஸ் ஃபின்ச் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் அங்கே தன் பசுமைக்குடிலில் ஆரஞ்சு பறிக்கிறார், வெளியே பனி மூடிக் கிடக்கிறது. இதைக் காட்டும் காணொளி ஒன்று பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. சூடேற்ற ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு டாலர்தான் செலவு என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கனடாவின் டொரொன்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் தமிழர்கள் பலர் கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கிக் காப்பாற்றுகிறவர்கள். அவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நமக்கு வாழையும் பப்பாளியும் மாவும் ஏன் வராது?" என்று கேட்பது இயல்பு.

சில வரும், சில வராது. அதைத் தெரிந்துகொள்ளச் சூடு, வெளிச்சம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பலர் சூட்டை மட்டும் பார்த்துப் பணத்தைப் போட்டுவிட்டு, பிப்ரவரி மாதத்தில் இலையெல்லாம் உதிர்ந்த மரத்தின் முன்னால் நிற்கிறார்கள்.

பசுமைக்குடில் என்ன செய்கிறது?

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து மண்ணையும் இலைகளையும் சூடாக்குகிறது. அவற்றைத் தொட்டு நிற்கும் காற்றும் சூடாகிறது. திறந்த வெளியில் அந்தக் காற்று மேலே போய்விடும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். குடிலுக்குள் கூரையும் சுவரும் அதைத் தடுத்து வைக்கின்றன. அடிப்படையில் விஷயம் இவ்வளவுதான். வெயில் போனதும் வருமானம் நின்றுவிடும், செலவு மட்டும் நிற்காது. கண்ணாடி மெல்லியது, அதன் வழியே சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். தெளிந்த வானமுள்ள ஓர் இரவில், சூடேற்றும் கருவி இல்லாத சிறிய குடில் விடிவதற்குள் வெளியே இருக்கும் குளிருக்கு மிக அருகில் வந்துவிடும்.

ஆகவே "பசுமைக்குடில் கட்டினால் குளிர் வராது" என்பது தவறான எண்ணம். பகலில் கொஞ்சம் சேர்க்கும், இரவில் கொஞ்சம் மெதுவாக இழக்கும். மீதியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

சூட்டின் கணக்கு

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை ஒரு பெருக்கலில் தெரிந்துகொள்ளலாம். குடிலின் வெளிப்பரப்பு, மூடியிருக்கும் பொருள் சூட்டைக் கசியவிடும் அளவு, உள்ளும் வெளியும் உள்ள வெப்ப வித்தியாசம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு சூடு போகிறது என்பது வாட் கணக்கில் வந்துவிடும்.

3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில், 2 மீட்டர் சுவரும் நடுவில் கொஞ்சம் உயர்ந்த கூரையும் உள்ள குடிலை எடுத்துக்கொள்வோம். சுவர், கூரை எல்லாம் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் 43 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 வாட் கசியவிடும். நடுவே காற்று அடைபட்ட இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் பலகை சுமார் 3.2 வாட்.

வெளியே மைனஸ் 15 டிகிரி, உள்ளே 10 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 25. ஒற்றைக் கண்ணாடிக்கு 6,450 வாட் தேவை, பாலிகார்பனேட்டுக்கு 3,440 வாட். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண மின் ஹீட்டர் 1,500 வாட் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள்.

அது மோசமான ஓர் இரவின் கணக்கு. டொரொன்டோவின் ஜனவரி சராசரியான மைனஸ் 4 டிகிரியை வைத்து, அதே பாலிகார்பனேட் குடிலுக்கு ஒரு நாள் மின்சாரச் செலவை யூனிட் (கிலோவாட் மணி) கணக்கில் பார்த்தால்:

1. உள்ளே 5 டிகிரி: சுமார் 30 யூனிட்.
2. உள்ளே 10 டிகிரி: சுமார் 46 யூனிட்.
3. உள்ளே 18 டிகிரி: சுமார் 73 யூனிட்.

பகல் வெயில் இதில் கொஞ்சம் குறைக்கும், கதவிடுக்கில் போகும் காற்று கொஞ்சம் கூட்டும். இவை தோராய எண்கள்தான். ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. 5 டிகிரியில் இருக்க ஒப்புக்கொள்ளும் மரத்துக்கும் 18 டிகிரி கேட்கும் மரத்துக்கும் செலவு இரண்டரை மடங்கு வித்தியாசம். எந்த ஹீட்டர் வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் எந்த மரம் என்ற கேள்வி வர வேண்டியது இதனால்தான்.

செலவைக் குறைக்க நல்ல வழி வடக்குப் பக்கம். டொரொன்டோவில் டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் தென்வானில் 23 டிகிரி உயரத்துக்குத்தான் வருகிறது. வடக்குச் சுவருக்கும் வடக்குக் கூரைக்கும் அந்த மாதங்களில் நேர் வெயிலே கிடையாது, அவை சூட்டை வெளியேற்றும் ஓட்டைகள் மட்டுமே. குடிலின் நீளப் பக்கம் தெற்கைப் பார்த்திருந்து, வடக்குப் பக்கத்தை முழுவதும் தடித்த வெப்பத்தடுப்புப் பலகையால் அடைத்துவிட்டால், இந்த உதாரணக் குடிலில் இழப்பு கால் பங்குக்கு மேல் குறையும். வீட்டின் தெற்குச் சுவரோடு ஒட்டிச் சாய்ப்பாகக் கட்டினால் இன்னும் நல்லது.

தண்ணீர் டிரம் வைத்தால் பகல் சூட்டைச் சேமித்து இரவில் கொடுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 200 லிட்டர் டிரம் 10 டிகிரி குளிரும்போது வெளியிடுவது 2.3 யூனிட். பத்து டிரம் வைத்தால் 23 யூனிட், ஆனால் 12 சதுர மீட்டர் தரையில் செடிக்கு இடம் குறைந்துவிடும். மேலும், மூடாக்குப் போட்ட டிசம்பர்ப் பகலில் அந்தத் தண்ணீரைச் சூடாக்க வெயில் எங்கே இருக்கிறது? மார்ச், ஏப்ரலில் டிரம் நன்றாக உதவும். நடுக்குளிர்காலத்தில் அதை நம்பி இருக்க முடியாது.

ஒரு டாலர் எப்படிச் சாத்தியமானது?

ஃபின்ச் கட்டிய குடிலின் தரை நிலமட்டத்துக்குச் சுமார் 4 அடி கீழே இருக்கிறது. கூரை தெற்கு நோக்கிச் சரிந்திருக்கிறது. 8 அடி ஆழத்தில் நீண்ட குழாய்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆழத்தில் அவருடைய ஊர் மண் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறத்தாழ 11 டிகிரியில் நிற்கிறது. ஒரு விசிறி குடிலின் காற்றைக் குழாய்க்குள் அனுப்பி, மண்ணின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பக் கொண்டுவருகிறது. மின்சாரம் அந்த விசிறிக்கு மட்டும்தான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் 11 டிகிரி மண் எந்தக் காற்றையும் 11 டிகிரிக்கு மேல் சூடாக்காது. கடுங்குளிர் இரவில் அது செய்வது குடில் உறைந்துபோகாமல் காப்பது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற மரங்களுக்கு அது போதும். வாழை அந்தச் சூட்டில் வளர்ச்சியை நிறுத்திவிடும், பப்பாளி அழுகிவிடும். காணொளியில் ஆரஞ்சு தெரிகிறது, நாம் மனத்தில் பப்பாளியைப் பார்த்துவிடுகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதி உயரமான வறண்ட சமவெளி, குளிர்காலத்திலும் வானம் தெளிவாக இருக்கும் நாட்கள் அதிகம். அந்த வெயில் காணொளியில் பேசப்படாத கூலியாள்.

வெளிச்சம் என்ற இரண்டாவது கணக்கு

ஐஸ்லாந்தில் ஹ்வேராகெர்தி என்ற ஊருக்கு அருகே ரேய்க்கிர் என்ற இடத்தில் தோட்டக்கலைப் பள்ளி ஒன்று உண்டு. அதன் பசுமைக்குடிலில் பல பத்தாண்டுகளாக வாழை வளர்கிறது. ஊர் முழுக்க வெந்நீர் ஊற்றுகள், பூமியே சூடு கொடுக்கிறது. சூட்டுக்குப் பஞ்சமே இல்லாத அந்த இடத்தில் ஒரு வாழை குலை தள்ளிப் பழுக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகிறது. நம் ஊரில் வாழைக்கு ஓர் ஆண்டு போதும். காரணம் வெளிச்சம். 64 டிகிரி வடக்கில் டிசம்பரில் பகல் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜப்பானின் வடகோடியான ஹொக்காய்டோ தீவு. அங்கே ஒட்டோஃபுகே என்ற ஊரில் குளிர்காலத்தில் மாம்பழம் அறுவடை செய்கிறார்கள். குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றின் தண்ணீரால் குடிலைச் சூடாக்குகிறார்கள். கோடையில், சேமித்து வைத்த பனியைக் கொண்டு மண்ணைக் குளிரவைத்து, மரத்துக்குக் குளிர்காலம் வந்துவிட்டது போன்ற நிலையை உண்டாக்குகிறார்கள். கொஞ்ச நாள் குளிர்ச்சி பட்டால் மா பூக்கும், அதனால் பருவத்தையே புரட்டிப்போட முடிகிறது. மிக அழகான யோசனை இது. ஆனால் அது பலிப்பதற்கு அந்த வட்டாரத்தின் தெளிந்த குளிர்கால வானமும் ஒரு காரணம்.

அலையன்ஸ், ஒட்டோஃபுகே, டொரொன்டோ மூன்றும் 42 முதல் 44 டிகிரி வடக்குக்குள் இருக்கின்றன. பகல் நேரம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபடுவது மேகம். டொரொன்டோவுக்குப் பக்கத்தில் பேரேரிகள் இருப்பதால் நவம்பர் முதல் ஜனவரி வரை வானம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். ஜூலையில் வெயில் அடிக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட டிசம்பரில் கிடைப்பதில்லை. கோடையிலேயே தேவைக்கு மேல் சூடும் வெளிச்சமும் இருக்கும் தோட்டத்தில், குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றாகவே போய்விடுகின்றன.

இலை தன்மேல் விழும் ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. ஒரு நாள் முழுக்க விழும் ஒளியின் மொத்தத்தை மோல் என்ற அலகில் அளப்பார்கள். நன்றாகக் காய்க்க வேண்டிய செடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 மோல் போல வேண்டும். டிசம்பரில் டொரொன்டோவில் திறந்த வெளியிலேயே 10க்கும் குறைவு. பலகையும் சட்டமும் உட்பக்கத்தில் கோத்திருக்கும் நீர்த்துளிகளும் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செடிக்குக் கிடைப்பது ஐந்தோ ஆறோ.

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். செடி ஒளியில் சர்க்கரை செய்கிறது, இரவு பகல் இரண்டிலும் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெளிச்சம் இல்லாத டிசம்பரில் குடிலை 22 டிகிரியில் வைத்தால், வருமானம் இல்லாத வீட்டில் செலவை இரட்டிப்பாக்குவது போல. தண்டு வெளிறி நீளும், இலை மெலியும், சேமிப்பு கரையும். அன்பாகச் சூடு கொடுத்தவருடைய மரமே முதலில் வாடுவது இப்படித்தான். வெளிச்சம் குறையும்போது சூட்டையும் குறைத்து, செடியை உறங்கவிட வேண்டும். குளிர்நாட்டுப் பழத்தோட்டத்தின் அடிப்படை விதி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686க்குள் கட்டிய ஆரஞ்சுக்கூடமும் இதையே செய்தது. தடித்த கற்சுவர், தெற்கில் மட்டும் பெரிய சன்னல்கள். மரப்பெட்டிகளில் நட்ட ஆரஞ்சு மரங்கள் குளிர்காலத்தை உறையாத குளிர்ச்சியில் உள்ளே கழித்துவிட்டு, கோடையில் வெளியே வந்தன. இன்றும் அப்படியே நடக்கிறது.

விளக்குப் போட்டால்? போடலாம். நல்ல எல்.இ.டி. விளக்கில் நாளொன்றுக்கு 10 மோல் சேர்க்க ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.1 யூனிட் ஆகும். 12 சதுர மீட்டருக்கு 13 யூனிட். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகக் குடிலுக்குள்ளேயே தங்குவதால், ஹீட்டரின் வேலை அந்த அளவுக்குக் குறையும். விளக்குக்குத் தனிச் செலவு என்று பயப்பட வேண்டாம், வாங்கும்போது கொடுக்கும் விலைதான் பெரிது.

வேர் குளிர்ந்தால் இலை உதிரும்

பிப்ரவரியில் ஒரு தெளிந்த நாள். தொட்டி எலுமிச்சையின் மேல் வெயில் சுள்ளென்று விழுகிறது, இலையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. தொட்டி நிற்பதோ சிமெண்ட் தரையில். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லிடும். இலை தண்ணீர் கேட்கிறது. மண் ஈரமாகவே இருந்தாலும் 12, 13 டிகிரிக்குக் கீழே எலுமிச்சை வேரால் சரியாக உறிஞ்ச முடியாது. மரம் இலைகளைக் கொட்டிவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும்.

தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, கீழே வெப்பத்தடுப்புப் பலகையும் நாற்றங்காலுக்கு வைக்கும் சூட்டு விரிப்பும் போட்டால் போதும். குடில் முழுவதையும் சூடாக்குவதைவிட வேரைச் சூடாக வைப்பது மிகச் சிக்கனம். அதுவும் முடியாவிட்டால், வெயில் நாட்களில் மெல்லிய நிழல்வலை போட்டு இலைக்கும் வேருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கலாம்.

எந்தப் பழம்?

குளிர்கால இரவில் குடில் எந்த அளவுக்கு இறங்கலாம் என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

1. 5 டிகிரி போதும்: மேயர் எலுமிச்சை, கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை வகை, ஆரஞ்சு வகைகள், ஸ்ட்ராபெரி கொய்யா, ஊதா நிறப் பேஷன் பழம், அத்தி. தண்ணீரைக் குறைத்துக் காய்ந்த மண்ணில் வைத்தால் டிராகன் பழமும் தாங்கும். முதல் வருடம் இவற்றைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

2. 10 டிகிரியை ஒட்டி: சாதாரணக் கொய்யா, சீத்தா, தேசிக்காய் (நம் ஊர்ச் சிறிய எலுமிச்சை), அன்னாசி, தொட்டிக்கேற்ற குட்டை மா. இவை உயிரோடு இருக்கும், ஆனால் அசையாது. மாவுக்கு ஒரு சிக்கல் உண்டு. குளிர்ச்சி அதைப் பூக்கவைக்கும், அதே குளிர்ச்சி நீடித்தால் பூ பிஞ்சாகாது. பூங்கொத்து வந்தபிறகு இரவு வெப்பத்தை 15க்கு மேல் உயர்த்த வேண்டும்.

3. 15 டிகிரிக்கு மேல்: பப்பாளி, வாழை. வாழை இதைவிடக் குளிரையும் தாங்கும், ஆனால் 14 டிகிரிக்குக் கீழே புது இலை வராது, அந்த மாதங்கள் எல்லாம் குலையின் காலக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். பப்பாளிக்குக் குளிர்ந்த ஈர மண் எமன்.

பலா, ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் ஆகியவற்றை வீட்டுக் குடிலில் முயல வேண்டாம் என்றே சொல்வேன். நல்ல பணம் செலவழித்து, பல ஆண்டுகள் காத்து, ஒரே இரவில் இழக்கும் மரங்கள் அவை.

முதல் இரண்டு வகைகளையும் நிலத்தில் நடாமல் தொட்டியில் வைப்பதில் பெரிய வசதி இருக்கிறது. டொரொன்டோவில் மே மாத இறுதியில், இரவு 10 டிகிரிக்கு மேல் நிலைத்தபிறகு வெளியே கொண்டுவரலாம். நேரே வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில், அப்புறம் முழு வெயில். ஜூனில் அங்கே பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். ஒரு வருடத்துக்கு வேண்டிய வளர்ச்சியில் பெரும்பங்கை மரம் அந்த மூன்று, நான்கு மாதங்களில் முடித்துக்கொள்ளும். செப்டம்பர் நடுவில் பூச்சி பார்த்துக் கழுவி உள்ளே எடுக்க வேண்டும்.

தேனீ இல்லாத இடம்

மூடிய குடிலில் பூக்கும், காய்க்காது என்ற புகார் அடிக்கடி வருவது. வாழைக்கு மகரந்தம் தேவையில்லை. எலுமிச்சையும் கொய்யாவும் கிளையை லேசாகத் தட்டிவிட்டாலே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பப்பாளியில் ஆண், பெண் தனித்தனி மரமாக வரலாம் என்பதால் இருபால் பூ பூக்கும் ரகத்தை வாங்க வேண்டும். டிராகன் பழம் ஒரே இரவு மலர்வது, சில ரகங்கள் தன் மகரந்தத்தை ஏற்காது.

சீத்தாதான் மிகப் பொறுமை கேட்பது. அதன் ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருக்கும். இதழ்கள் பாதி திறந்திருக்கும்போது நடுவிலுள்ள சிறிய கூம்பு பளபளவென்று பிசுபிசுப்பாக இருக்கும், அது மகரந்தத்தை ஏற்கும் நேரம். இதழ்கள் முழுக்க விரியும்போது அதே பூ மகரந்தத்தை உதிர்க்கும், ஆனால் ஏற்கும் காலம் முடிந்திருக்கும். எனவே விரிந்த பூவிலிருந்து மெல்லிய ஓவியத் தூரிகையால் மகரந்தத்தைத் தட்டிச் சேர்த்து, பாதி திறந்த இன்னொரு பூவின் உள்ளே கூம்பைச் சுற்றித் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் பழமும் ஒரு பக்கம் வீங்கிக் கோணலாக வரும்.

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, சிலந்திப்பேன் மூன்றும் குடிலில் நிரந்தரக் குடியிருப்பவை. வெளியே அவற்றைத் தின்னும் பொறிவண்டு உள்ளே கிடையாது. வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதும், ஆரம்பத்திலேயே சோப்புக் கரைசலால் துடைப்பதும் போதுமானது. ஈரக்காற்று தேங்கினால் சாம்பல் பூஞ்சணம் வரும், அதற்கு ஒரு சின்ன விசிறி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

மின்சாரம் போனால்

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொரொன்டோவைப் பனிமழை தாக்கியது. மரங்களும் கம்பிகளும் பனிக்கட்டி சுமந்து முறிந்தன. நகரில் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின, சில இடங்களில் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் வரவில்லை. பல ஆண்டு உழைப்பு அழிய அப்படி ஓர் இரவு போதும். அதற்கு முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை:

1. வெப்பம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கைபேசிக்கோ வீட்டு மணிக்கோ எச்சரிக்கை தரும், பேட்டரியில் ஓடும் வெப்பமானி.

2. மாற்றுச் சூடு. புரோப்பேன் ஹீட்டர் என்றால் புகை வெளியே போகும் குழாய் உள்ளதாக இருக்க வேண்டும். குழாய் இல்லாதது கார்பன் மோனாக்சைடை உள்ளேயே விடலாம், அது உயிருக்கு ஆபத்து. கூடவே வரும் எத்திலீன் வாயு பூவையும் இலையையும் உதிர்க்கும்.

3. மரங்களைப் போர்த்தப் பழைய கம்பளிகள், குடிலின் உட்பக்கம் ஒட்டக் குமிழித்தாள்.

4. வீட்டுக்குள் எதை முதலில் தூக்குவது என்ற வரிசை. பப்பாளியும் வாழையும் முதலில், பிறகு மா, அன்னாசி, சீத்தா, கொய்யா. தேசிக்காயும் இவற்றோடுதான் போக வேண்டும், அது மேயர் எலுமிச்சை அளவுக்குக் குளிர் தாங்காது. மேயர் எலுமிச்சையும் அத்தியும் கடைசியில் போகலாம். உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலும் சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும், அதற்குள் மின்சாரம் வந்தாலும் வந்துவிடும்.